சின்ன பேட்டரி

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலையில் கார் திறக்கவில்லை.

என் கணவரைக் குளிப்பாட்டி, சட்டைக்குப் பொத்தான் போட்டு, தள்ளுநாற்காலியில் உட்கார வைத்து, வாசல்படியில் சாய்த்துப் போட்ட பலகை வழியாக மெல்ல இறக்கி, காரின் இடது பக்கக் கதவுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். சாவியின் பொத்தானை அமுக்கினேன். வழக்கமாக விளக்குகள் ஒருமுறை மின்னும், பக்கக் கண்ணாடிகள் காது விரிவதுபோல் விரியும். அன்று எதுவும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். கைப்பிடியை இழுத்தேன். இரும்புப் பெட்டி மாதிரி நின்றது.

மின்சாரக் கார் அது. முந்தின நாள்தான் வீட்டிலிருந்து வயர் போட்டு சார்ஜ் ஏற்றியிருந்தேன். எண்பது சதவீதத்துக்கு மேல் காட்டியது. அவ்வளவு மின்சாரத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒரு கதவைத் திறக்க அதற்கு முடியவில்லை.

"என்னங்க, காடி தொறக்க மாட்டேங்குதுங்க."

"சரி, சரி," என்றார்.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். தாகம் எடுத்தாலும் சரி, முதுகு வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் அதே சரி. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான்தான் அர்த்தம் பிரிக்க வேண்டும். அன்றைய "சரி சரி"யில் அவசரம் இருந்தது. நேரமாகிறது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

போனில் வாடகைக் கார் கூப்பிட்டேன். முதலில் வந்தவர் நாற்காலியைப் பார்த்தார், அதில் இருந்த ஆளையும் பார்த்தார். இடுப்பு வலி, தூக்க முடியாது என்று மலாயில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்தவரின் கார் பின்பக்கம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள். மூன்றாவது கார் வருவதாகக் காட்டிக்கொண்டே இருந்தது, வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கைகால் பயிற்சிக்கு அடுத்த தேதி மூன்று மாதம் தள்ளித்தான் கிடைத்தது. அவரைத் திரும்பவும் பலகை வழியாக ஏற்றி, சட்டையைக் கழற்றி, கூடத்தில் போட்டிருந்த கட்டிலில் படுக்க வைத்தேன். தேய்த்துப் போட்ட சட்டை. கசங்கக்கூட இல்லை.

அவர் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, எங்கள் ஊரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் எல்லைப் பாலத்தைத் தாண்டுவார், இருட்டிய பிறகு திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மழைச் சட்டை போட்டும் நனைந்த கால்களோடு வந்து நிற்பார். வெள்ளையாக ஊறிப்போன கால்விரல்களைத் துணியால் துடைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச வருஷம்தான்" என்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சேர்த்து வைத்ததில் அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த மின்சாரக் கார். அதையும் வேலைக்கு எடுத்துப் போனதில்லை. பாலத்து நெரிசலில் கார் வைத்து யார் வேலைக்குப் போவது? ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கார்.

பக்கவாதம் வந்ததும் அந்தப் பாலத்தில்தான். வேலை முடிந்து திரும்பும் வரிசையில், மோட்டார் மேல் உட்கார்ந்தபடியே. முன்னால் இருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள், இவர் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் இறங்கி வந்து, மோட்டாரோடு சேர்ந்து சாய்ந்துகொண்டிருந்தவரைத் தாங்கிப் பிடித்தாராம். அவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வலது கையும் வலது காலும் பேச்சும் அன்றோடு போயின. நான் தொழிற்சாலை வேலையை விட்டு வீட்டில் இருந்தேன்.

திறக்காத காரைப் பார்க்க ஆள் வந்தார். சர்வீஸ் சென்டரிலிருந்து வேனில் வந்த தமிழர், நாற்பது வயதிருக்கும். சாவிக்குள் ஒளிந்திருந்த ஒரு மெல்லிய இரும்புச் சாவியை உருவி, கைப்பிடி ஓரத்தில் நுழைத்துக் கதவைத் திறந்தார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முன்மூடியைத் தூக்கி, கையளவு பெரிய ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார்.

"அக்கா, பெரிய பேட்டரியில ஒரு குறையும் இல்ல. செத்துப் போனது இந்தச் சின்ன பேட்டரி. பன்னெண்டு வோல்ட். கதவு, லைட்டு, கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் இதுதான். இது எழுந்து சொன்னாத்தான் பெரியது வேல செய்யும்."

"பெரியதுல அவ்ளோ இருக்கே. இதுக்குக் கொஞ்சம் கொடுக்கக்கூடாதா?"

"காடி ஆன்ல இருந்தா கொடுக்கும். நிப்பாட்டி வெச்சா எப்பவாச்சும்தான் கொடுக்கும். உங்க காடி எப்பெப்ப ஓடுது?"

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மட்டும்தான்."

"அதான்கா. நின்னுகிட்டே இருந்தா இப்படித்தான்."

புதுசு மாட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடியும் வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராதான் மின்சாரத்தை உறிஞ்சுகிறது என்று அதன் வயரைப் பிடுங்கிப் போட்டார். "வாரத்துக்கு ரெண்டு தடவ ஓட்டுங்க. தாமான சுத்தியாச்சும் ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டினேன். அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது என்பதால் அவரையும் ஏற்றிக்கொண்டுதான். ஏற்றுவதற்கே உயிர் போய்விடும். என் தோளில் அவர் இடது கை, அவர் இடுப்பில் என் இரண்டு கை, ஒன்று இரண்டு என்று சொல்லித் தூக்கி, இருக்கையில் திருப்பி, வலது காலை நானே எடுத்து உள்ளே வைக்க வேண்டும். எங்கள் தாமானின் வீட்டு வரிசைகளைச் சுற்றி, பெரிய ரோட்டில் ஏறி, கடல் தெரியும் இடம்வரை போய்த் திரும்புவேன். அவர் பேசாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார். நான் பிரேக்கை அழுத்தமாக மிதித்தால் மட்டும் "சரி சரி!" என்று அதட்டல் வரும்.

ஒருநாள் திரும்பி வந்து கதவைத் திறந்து, இறங்குங்கள் என்று கை நீட்டினேன். இடது கையால் இருக்கைப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. என் முதுகில் வியர்வை ஓடியது.

"எறங்குங்க. எனக்கு முடியல."

"சரி, சரி." இறங்க மாட்டேன் என்ற அர்த்தத்தில்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் இறக்கினேன். ராத்திரி என் தோள்பட்டைக்கு மருந்து தேய்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறைதான் ஓட்டினேன். கார் மறுபடியும் செத்தது.

பாலோவில் இருக்கும் என் கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடும் இடத்தில் வேலை. வரும்போது வாழைத்தாரோ கீரையோ கொண்டுவருவார். அண்ணனுக்கு முகச்சவரம் செய்துவிடுவார். நல்ல மனிதர், ஆனால் எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அண்ணி, இந்தக் காடிய வித்துடுங்க. அண்ணன் இனிமே ஓட்டப் போறதில்ல. உங்களுக்கும் தொல்ல."

"அவர் முன்னால இதப் பேசாதீங்க தம்பி."

"அவருக்குப் புரியுதான்னே தெரியல, அண்ணி."

கட்டிலிலிருந்து "சரி சரி" என்று ஒரு சத்தம் வந்தது. கொழுந்தனார் சவரச் சாமான்களை எடுத்து வைக்கப் போனார்.

அடுத்த தடவை சர்வீஸ்காரர் வந்தபோது கணினிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து காரோடு இணைத்தார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இந்தக் காடி தூங்கவே இல்ல."

"என்னது?"

"நிப்பாட்டிப் பூட்டினா கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கித் தூங்கணும். அப்பதான் சின்ன பேட்டரி நிக்கும். இத யாரோ எழுப்பிக்கிட்டே இருக்காங்க. காலையில, மத்தியானம், சாயங்காலம். திருப்பித் திருப்பி. போன்ல ஆப் இருக்குல்ல, அதத் தொறந்து பாத்தாலே காடி முழிச்சிக்கும். யார் போன்ல இருக்கு?"

"என் போன்ல இல்ல. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"அண்ணன் போன்ல?"

நான் கூடத்துப் பக்கம் திரும்பினேன். இரண்டு பேரும் உள்ளே போனோம்.

அவர் கட்டிலில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எப்போதும் போலக் கையில் போன். சத்தம் இல்லாமல் வீடியோ பார்க்கிறார் என்றுதான் அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தேன். திரையில் எங்கள் கார். புகைப்படம்கூட இல்லை, கம்பெனிக்காரர்கள் வரைந்த படம். கீழே மூன்று விவரங்கள்: கதவு பூட்டியிருக்கிறது, சார்ஜ் எவ்வளவு, உள்ளே வெப்பம் எவ்வளவு. அவர் கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்தார். ஒரு வட்டம் சுற்றியது. அதே மூன்று விவரங்கள் திரும்ப வந்தன. வெப்பம் மட்டும் ஒரு டிகிரி கூடியிருந்தது. மறுபடி இழுத்தார்.

எங்களைக் கண்டதும் போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டார்.

சர்வீஸ்காரர் சட்டென்று முகத்தை மேலே திருப்பி, சுழலும் காற்றாடியைப் பார்த்தார். அவர் அப்படிச் செய்ததற்கு இன்றும் எனக்கு நன்றி உண்டு.

கட்டில் கிடந்த மூலையிலிருந்து கார் தெரியாது. நடுவில் சுவர். சுவருக்கு அப்பால் என்ன நடக்கிறது, மழை அடிக்கிறதா, பூனை ஏறிப் படுத்திருக்கிறதா, எதுவும் அவருக்குத் தெரியாது. நல்ல உடம்போடு இருந்த காலத்தில், எனக்கு வேலை இல்லாத நாட்களில் சிங்கப்பூரிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, "காடிக்குள்ள வெந்துகிட்டிருக்கு, இப்ப கடைக்குக் கெளம்பாத, வெயில் எறங்கட்டும்" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார். அன்றைக்கு அது எனக்கு விளையாட்டாக இருந்தது.

வெளியே வந்து சர்வீஸ்காரர் மெதுவாகச் சொன்னார். "அண்ணன ஒன்னும் சொல்லாதீங்க அக்கா. அவர் தப்பு இல்ல. ஆப்பத் தொறந்து பாத்தா காடி சாகக்கூடாது. கம்பெனிதான் சரி பண்ணணும். பண்றோம்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க, எப்பன்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் போன்ல இருந்து அத எடுத்துட்டா நல்லது."

நான் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு விஷயத்தைக் கேட்ட கொழுந்தனார் எடுத்துவிட்டார். சவரம் செய்துவிட்டு, முகம் துடைத்து, பேச்சோடு பேச்சாகப் போனை வாங்கி, "அண்ணே, இது இருந்தா காடி கெட்டுப் போவுதுண்ணே" என்று சொல்லி அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் "சரி, சரி" என்றார். ஒத்துக்கொண்டார் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

மறுநாள் காலை சோற்றுக்கஞ்சியைத் தட்டிவிட்டார். மத்தியானமும் வாயைத் திறக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு, திரையில் அந்தப் படம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தார். வெறும் இடம். அங்கே ஒன்றும் திறக்காது. அமுக்கி, பார்த்து, மறுபடி அமுக்கி. மூன்றாம் நாள் போனைத் தரையில் எறிந்தார். நான் அதை எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது என் தலைமுடியை இடது கையால் பற்றினார். வலித்தது. "சரி சரி சரி" என்று அலறினார். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. முப்பது வருடத்தில் அவர் என் மேல் கை வைத்ததில்லை.

சமையலறையில் நின்று சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். "அத மறுபடி போட்டுக் கொடுங்க தம்பி. காடி செத்தா சாகட்டும்."

அவர், "சாக வேணாம்கா, நான் வரேன்" என்றார்.

வந்தவர் கையில் செங்கல் அளவில் ஒரு சார்ஜர் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி வைக்கும்போது மாட்டிவிட்டுப் போகிற சாமானாம். ஒரு வயரைச் சின்ன பேட்டரியில் பூட்டி, முன்பக்கக் கம்பிகளின் இடைவெளியால் வெளியே எடுத்து, ஜன்னல் வழியாகக் கூடத்துச் சுவர் பிளக்கில் செருகினார். பெரிய பேட்டரி கொடுக்க மறுத்ததை இனிமேல் வீட்டு மின்சாரம் கொடுக்கும். கார் ஓடுவதற்காக இல்லை. ஒருவர் அதைப் படுத்துக்கொண்டு பார்ப்பதற்காக.

ஆப்பைத் திரும்பப் போட்டுக் கொடுத்தபோது என் கணவர் அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 

சில வாரம் பிரச்சனை இல்லாமல் போனது. பிறகு ஒரு பிற்பகல், பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஹார்ன் சத்தம். பீப், பீப் என்று சின்னதாக. எங்கள் வீட்டுக் காரென்று தெரிய நேரம் பிடித்தது. உள்ளே ஓடினேன். அவர் கட்டிலின் விளிம்புக்குச் சரிந்து, இன்னும் ஒரு அங்குலம் போனால் விழும் நிலையில் கிடந்தார். கூட்டத்தில் நிறுத்திய காரைக் கண்டுபிடிக்க அந்த ஆப்பில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் விளக்கு மின்னி ஹார்ன் அடிக்கும். அதை அமுக்கியிருக்கிறார். தானாகக் கண்டுபிடித்தாரா, தவறி விரல் பட்டதா, தெரியாது. ஆனால் அன்றிலிருந்து என்னைக் கூப்பிட அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

அடிக்கடி கூப்பிட்டார். தண்ணீருக்கு, திரும்பிப் படுக்க, சில சமயம் ஒன்றுக்கும் இல்லாமல். எனக்கு ஆத்திரம் வந்த நாட்களும் உண்டு. பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "அலமாக், நாள் முழுக்கச் சத்தம்!" என்று மலாயில் சொன்னார். கையால் ஜாடை காட்டி, அவர் என்னைக் கூப்பிடுவதைச் சொன்னேன். அந்த அம்மா எட்டிக் கூடத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு ஒருநாளும் குறை சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு மத்தியானம் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்து போனேன். போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுவதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்தேன். கிளினிக்கில் கூட்டம். மழை பிடித்துக்கொண்டது, நின்று வந்தேன். வாசல் கதவைத் திறக்கும்போது கார் அமைதியாக நின்றது. உள்ளே அவர் கண் திறந்திருந்தது. முகம் இடது பக்கமும் தொங்கியிருந்தது. போன் கையை விட்டு நழுவி மெத்தையில் கிடந்தது. திரையில் அந்த ஹார்ன் பொத்தான் இருந்த பக்கம்.

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது சீன அம்மா குடையோடு ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடித்தது, ரொம்ப நேரம் அடித்தது. நீ உள்ளே இருக்கிறாய் என்று நினைத்தேன். மழைச் சாரல் என்று ஜன்னலைச் சாத்திவிட்டேன்" என்றார். அழுதார். நான் அழவில்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை. அந்த ஹார்ன் எத்தனை முறை அடித்திருக்கும், கடைசி முறைக்கு விரலைத் தூக்க என் கணவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதே மனத்தில் ஓடியது. இன்றும் சோறு வடிக்கும்போது, பல் துலக்கும்போது, காரணமில்லாமல் அது ஓடும்.

அவர் சாகவில்லை. மூக்கு வழியாக ஒரு குழாயோடு வீட்டுக்கு வந்தார். இடது கையும் போய்விட்டது. அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. கண் மட்டும் என் பின்னால் வரும், அதுவும் சில நாள் வராது.

மறுபடி வந்து பார்த்த சர்வீஸ்காரருக்கு நடந்தது தெரியாது. வாசலிலேயே முன்மூடியைத் தூக்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, முகம் மலர்ந்து சொன்னார்.

"இப்ப ஒரு பிரச்சனையும் இல்லக்கா. நல்லாத் தூங்குது. அந்தச் சார்ஜரக்கூட எடுத்துடலாம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூடியை மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினார். நெடுநேரம் வேனுக்குள் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

காரை விற்றுவிடச் சொன்னது இந்த முறை நான். கொழுந்தனார் தயங்கினார். "அண்ணன் ஆசப்பட்டு வாங்கினது அண்ணி. இருக்கட்டுமே, நான் வந்து ஓட்டி வெக்கிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஆயர் ஈத்தாமில் பானை சட்டிக் கடை வைத்திருப்பவர். மனைவியோடு வந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"கோளாறு ஏதும் உண்டாங்க? மறைக்காமச் சொல்லுங்க."

"சின்ன பேட்டரி அடிக்கடி செத்துப் போச்சு. இப்ப இல்ல."

"ஏன் செத்துச்சு?"

"எங்க வீட்டுக்காரர் அடிக்கடி பாப்பாரு. பாத்தா அது முழிச்சிக்கும்."

அவர் புரியாமல் விழித்தார். அவர் மனைவி என்னைத் தாண்டிக் கூடத்தில் கிடந்த கட்டிலைப் பார்த்தார். கணவரின் கையைத் தொட்டு, "போதுங்க, எடுத்துக்கலாம்" என்றார்.

காரைக் கொண்டு போன நாளன்று என் கணவர் காதருகில் குனிந்து, "காடி போவுதுங்க" என்று சொன்னேன். கண் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அந்தக் காருக்குச் சத்தமும் கிடையாது. கேட் இழுத்துச் சாத்தும் ஓசையை வைத்துத்தான் போய்விட்டதென்று எனக்கே தெரிந்தது.

இப்போது கார் நின்ற போர்ச் காலியாக இருக்கிறது. மாதம் ஒருமுறை குழாய் மாற்றுவதற்கு ஆஸ்பத்திரி வேன் வரும்போது, அந்த இடத்தில் பின்பக்கமாகவே நகர்ந்து வந்து வாசல்படி வரை ஒட்டி நிற்கிறது. இரண்டு ஆட்கள் படுக்கையோடு சேர்த்து அவரை நேராக உள்ளே தள்ளிவிடுகிறார்கள். நான் எதையும் தூக்க வேண்டியதில்லை. பையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டால் போதும்.